அடைக்கலம் என்னும் சொல்

நம் இல்லங்களில் இன்றும் வழங்கும் சொற்களுள் 'அமானிதம்' என்பது ஒன்று. வெளியூர் செல்பவர் தம் நகையையோ பணத்தையோ நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, "இது அமானிதம்" என்று கூறிச் செல்வார். சாட்சியும் இல்லை, பத்திரமும் இல்லை. அந்த ஒரு சொல்லே இரண்டுமாக நிற்கும். ஐரோப்பாவின் பால்கன் மலைநாட்டில் வாழும் பொஸ்னிய முஸ்லிம்களும் இதே சொல்லை 'எமானெத்' என்று வழங்குகிறார்கள். நாம் ஜனாஸா என்பதை அவர்கள் 'ஜெனாஸா' என்கிறார்கள். மொழியால் ஸ்லாவியரான அவர்களுக்கும் தமிழரான நமக்கும் பொதுவாக வாய்த்த இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்து எண்ணும்படி நம்மைச் செய்தன, அண்மையில் நாம் கண்ட ஒரு திரைப்படமும் அதனையொட்டி நாம் எடுத்து நோக்கிய இரு நூல்களும்.

படம், யாஸ்மிலா ஷ்பானிச் என்னும் பொஸ்னியப் பெண்மணி இயக்கி 2020இல் வெளிவந்த 'க்வோ வாடிஸ், ஐடா?'. 'எங்கே செல்கிறாய், ஐடா?' என்பது அதன் பொருள். நூல்கள், ஹசன் நுஹானோவிச் எழுதிய 'ஐ.நா. கொடியின் கீழ்' என்பதும், எமிர் சுல்யாகிச் எழுதிய 'கல்லறையிலிருந்து அஞ்சலட்டைகள்' என்பதும் ஆகும். மூன்றும் ஸ்ரெப்ரெனிட்சா என்னும் ஒரே ஊரைப் பற்றியவை. அது மட்டுமன்று, மூன்றிலும் நமக்கு வழிகாட்டியாக நிற்பவர் ஒரு மொழிபெயர்ப்பாளர். நுஹானோவிச்சும் சுல்யாகிச்சும் அவ்வூரில் ஐக்கிய நாடுகள் சபையினருக்கு மொழிபெயர்த்தவர்கள். ஐடாவோ கற்பனைப் பாத்திரம். இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று நாம் கருதவில்லை. ஏன் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாக்கும் வலுவும்

முதலில் நிகழ்ச்சிகளைச் சுருங்கக் காண்போம். 1992 ஏப்ரலில் பொஸ்னியாவில் போர் மூண்டது. யூகோஸ்லாவிய நாடு முழுமைக்கும் ஆயுதம் விற்கலாகாது என்று 1991 செப்டம்பரிலேயே பாதுகாப்புச் சபை தடை விதித்திருந்தது. பழைய இராணுவத்தின் கிடங்குகள் செர்பியத் தரப்பிடம் இருந்தமையால், தடையின் சுமை பொஸ்னிய அரசின் மீதே விழுந்தது. கிழக்குப் பொஸ்னியாவில் விரட்டப்பட்ட முஸ்லிம்கள் ஸ்ரெப்ரெனிட்சாவில் வந்து குவிந்தனர். 1993 மார்ச்சில் அங்கே சென்ற ஐ.நா. படைத்தலைவர் மொரிய்யோன், "உங்களை நான் கைவிட மாட்டேன்" என்னும் கருத்துப்பட மக்களிடம் வாக்களித்தார். ஏப்ரல் 16ஆம் நாள் பாதுகாப்புச் சபையின் 819ஆம் தீர்மானம் அவ்வூரைப் 'பாதுகாப்புப் பகுதி' என்று அறிவித்தது. மே மாதத்தில் சரயேவோ முதலான மேலும் ஐந்து நகரங்கள் அப்பெயரைப் பெற்றன.

பெயர் கிடைத்தது, காவல் கிடைத்ததா? இப்பகுதிகளைக் காக்க 34,000 வீரர் வேண்டும் என்று படைத்துறையினர் கணக்கிட்டனர். உலக நாடுகள் தேர்ந்துகொண்டதோ 7,600 வீரர் போதும் என்ற 'இலேசான' வழியை. ஊர்க்காவலர்களிடமிருந்து ஆயுதங்களை ஐ.நா. வாங்கி வைத்துக்கொண்டது. அனைவரும் ஒப்படைக்கவில்லை என்பதும், உள்ளிருந்து வெளியே தாக்குதல்கள் நடந்தன என்பதும் உண்மை, மறைப்பதற்கில்லை. ஆயினும் 1995 ஜூலையில் பகைவர் நெருங்கியபோது, ஒப்படைத்த ஆயுதங்களையேனும் திருப்பித் தாருங்கள் என்று ஊரார் கேட்டனர். கேட்டது கிடைக்கவில்லை. அமானிதமாகப் பெற்றவர், பொருளையும் தரவில்லை. பொருளுக்கு ஈடான காவலையும் தரவில்லை.

ஜூலை 11ஆம் நாள் ஊர் வீழ்ந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பொட்டோச்சாரியில் இருந்த டச்சுப் படையினரின் முகாமை நாடி ஓடினர். சில ஆயிரம் பேர் உள்ளே விடப்பட்டனர். மற்றவர்கள் வாயிலுக்கு வெளியே நின்றனர். இரு நாள்களுக்குள் உள்ளிருந்தோரும் வெளியேற்றப்பட்டனர். ஆண்கள் பிரிக்கப்பட்டனர். முகாமிலிருந்து பிரிக்கப்பட்டோரும், காட்டு வழியே தப்ப முயன்று பிடிபட்டோருமாக எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

இரு மொழிகளுக்கிடையே ஒருத்தி

இந்தப் பெருங்கொடுமையை ஷ்பானிச் எப்படிக் காட்டுகிறார்? கொலைக்களத்தை அவர் காட்டவில்லை. ஆண்களை ஒரு மண்டபத்தில் அடைக்கிறார்கள். துப்பாக்கி முனைகள் மேலே தோன்றுகின்றன. பிறகு ஓசை மட்டுமே வெளியே கேட்கிறது. கண்ணீரைப் பிழிந்தெடுக்கும் உத்தி எதுவும் இல்லை. படம் முழுவதும் ஐடாவின் பின்னால் நாமும் ஓடுகிறோம். அவள் பள்ளி ஆசிரியை. கணவனையும் இரு மகன்களையும் எப்படியேனும் பெயர்ப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும் என்று அதிகாரிக்கு அதிகாரி கெஞ்சுகிறாள். இடையிடையே அதே அதிகாரிகளின் சொற்களைத் தன் மக்களுக்கு மொழிபெயர்த்தும் சொல்கிறாள். "அஞ்ச வேண்டாம்" என்று அவர்கள் சொல்வதை அவளும் சொல்கிறாள். அச்சொல் பொய் என்பதை அங்கே முதலில் அறிபவளும் அவளே.

இங்கேதான் படத்தின் சிறப்பு இருக்கிறது. நியூயார்க்கில் எழுதப்பட்ட 'பாதுகாப்புப் பகுதி' என்னும் சொல், அங்கே ஒரு சமரச வாசகம். எழுதியவர் அதன் பொருளைக் கூட்டலாம், குறைக்கலாம். மொழிபெயர்ப்பாளருக்கு அந்த வசதி இல்லை. தாய்மொழியில் அவர் அதனைச் சொல்லும்போது அது 'அடைக்கலம்' ஆகிவிடுகிறது. கேட்பவர் அதனை நம்பித் தம் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார். வெற்றுச் சொல்லுக்கும் உயிருக்கும் நடுவே நிற்பவரே இந்த வரலாற்றின் தக்க சாட்சி என்று நாம் கூறுவது இதனால்தான்.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாமல் செல்ல இயலவில்லை. படம் முகாமின் மதில்களைத் தாண்டி அதிகம் போவதில்லை. உதவி கேட்டும் கிடைக்கப் பெறாமல் தவிக்கும் டச்சுத் தளபதி கர்ரெமன்ஸின் கையாலாகாத்தனம் நம் கண்ணில் நிறைந்துவிடுகிறது. அவர் பெரும் விமானத் தாக்குதல் வரும் என்று முதல் நாள் இரவு ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னதும், மறுநாள் பிற்பகல் சிறிதளவு குண்டு வீச்சோடு அது நின்றதும் வரலாறே. ஆனால் படைகளைக் குறைத்தவர் யார்? விமானங்களைத் தாமதித்தவர் யார்? படத்தை மட்டும் கண்டு எழுந்து செல்பவர், ஒரு கோழைத் தளபதியின் கதையாக இதனைக் கொண்டுவிடக் கூடும். இது சிறிய குறையன்று.

அக்குறையை நிறைவு செய்கிறது நுஹானோவிச்சின் நூல். இலக்கிய நயம் தேடுவோர் அதில் ஏமாறுவர். அது ஒரு வழக்கறிஞரின் கட்டு போன்றது. நாள், நேரம், உத்தரவு, கையொப்பம் என்றே செல்கிறது. அவருடைய தாய், தந்தை, தம்பி மூவரும் முகாமுக்குள் இருந்தவர்கள். ஐ.நா. ஊழியர் என்பதால் அவர் தங்கலாம், அவர்கள் தங்கலாகாது. வெளியேறும்படியான உத்தரவைத் தம் குடும்பத்துக்கு அவரே தம் வாயால் சொல்ல நேர்ந்தது. மூவரும் திரும்பவில்லை. அத்தகையவர் தம் துயரத்தை எழுதாமல் ஆதாரங்களை எழுதினார் என்பதே அந்நூலின் பெருமை. அழுகைக்கு உலகம் அனுதாபம் தரும். ஆதாரத்துக்கோ பதில் சொல்லியாக வேண்டும். பதிலும் வந்தது. அவர் தொடுத்த வழக்கில் 2013 செப்டம்பரில் நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் அந்நாட்டு அரசைப் பொறுப்பாக்கியது. பின்னர் 2019இல், முகாமிலிருந்து அனுப்பப்பட்ட சுமார் 350 ஆண்கள் பற்றிய வேறொரு வழக்கில், அரசின் பொறுப்பு பத்து விழுக்காடு மட்டுமே என்று அதே நீதிமன்றம் வகுத்தது. அடைக்கலத்தை விழுக்காட்டில் அளக்கும் நிலை வந்துவிட்டது!

சுல்யாகிச்சின் நூலுக்குச் சுவை வேறு. வீழ்ச்சிக்கு முந்திய மூன்றாண்டு வாழ்வு அதில் இருக்கிறது: பசி, குளிர், உப்பில்லாத உணவு, போரிடையே ஆங்கிலம் கற்று வேலை தேடிக்கொண்ட ஓர் இளைஞனின் பார்வை. பெரும் எண்ணிக்கைக்குள் மறைந்துபோன மனிதர்களை ஒவ்வொருவராகத் திரும்ப அழைக்கிறார் அவர். மூன்றினுள்ளும் எதிர்காலத்தில் இலக்கியமாக நிலைக்கத் தக்கது இதுவே என்பது நம் கருத்து.

அரைவாக்கு

பிற நாட்டார் உள்நாட்டுப் போரில் தலையிடுவது தகுமா, தகாதா என்று வாதிடுவோர் உலகெங்கும் உளர். வல்லரசுகளின் சூழ்ச்சி என்பார் ஒருசாரார். மனித குலத்தின் கடமை என்பார் மற்றொரு சாரார். பொஸ்னியாவின் பாடம் இவ்விரு வாதங்களுக்கும் அப்பாற்பட்டது. 1992 முதல் 1996 வரை சரயேவோவுக்கு விமானங்கள் உணவைச் சுமந்து சென்றன, முற்றுகையோ நீங்கவில்லை. உணவு கொடுத்து, உண்பவரைக் காவாது விட்ட அந்தக் கருணையை நினைந்து, அந்நகரத்தார் 2007இல் ஒரு மாட்டிறைச்சி டப்பாவின் வடிவில் நினைவுச் சின்னம் நிறுவியிருக்கிறார்கள். அதனைவிடக் கூர்மையான விமரிசனத்தை எந்தப் பேனாவும் எழுதியதில்லை. வலிமை இல்லாமையால் இது நேர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. ஸ்ரெப்ரெனிட்சா வீழ்ந்து ஏழு வாரங்களில், 1995 ஆகஸ்டு 30ஆம் நாள் நேட்டோவின் விமானத் தாக்குதல் தொடங்கியது. நவம்பரில் டேட்டனில் உடன்பாடும் ஏற்பட்டுவிட்டது.

காக்க இயலாது என்று முன்பே சொல்லியிருந்தால், அம்மக்கள் ஓடியிருப்பர், அல்லது ஆயுதத்தைக் கைவிடாதிருப்பர். அரைவாக்கு அவர்களை அங்கேயே நிறுத்திவைத்தது. வாக்குத் தராதவனை விட, அரைவாக்குத் தந்தவனே பெரிய தீங்கு செய்கிறான்.

படத்தின் முடிவில் ஐடா தன் ஊருக்கே திரும்பி வந்து மீண்டும் ஆசிரியை ஆகிறாள். பள்ளி விழாவில் சிறுவர்கள் கைகளால் கண்களை மூடுவதும் திறப்பதுமாக ஆடுகிறார்கள். கொலையில் பங்கு கொண்டோரும் பெற்றோராக அங்கே அமர்ந்திருக்கிறார்கள். அவள் அப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கொன்றவரின் பிள்ளையும் ஆசிரியையிடம் அமானிதம்தான் என்று அவள் கருதுவதாகவே நாம் அந்தக் காட்சியைப் புரிந்துகொண்டோம். உலக சபை காக்கத் தவறியதை, எல்லாம் இழந்த ஒரு பெண் காக்கிறாள்.

பொட்டோச்சாரியில் ஆண்டுதோறும் ஜூலை 11ஆம் நாள், புதிதாக அடையாளம் காணப்பட்டோருக்கு ஜனாஸாத் தொழுகை நடைபெறுகிறது. சில சமயம் ஒரு கபுரில் வைக்கப்படுவது சில எலும்புகள் மட்டுமே. எமானெத்தாக ஒப்படைக்கப்பட்டவர்கள் ஜெனாஸாவாகத் திரும்பி வருகிறார்கள். இவ்விரு சொற்களின் பொருளையும் அறிந்த நம்மவர், இம்மூன்று படைப்புகளையும் தம் பிள்ளைகளோடு அமர்ந்து காணவும் படிக்கவும் வேண்டும். யாரையும் பகைக்கக் கற்பிப்பதற்காக அன்று. தரும் வாக்கின் எடையைக் கற்பிப்பதற்காக.