குவளைச் சிகிச்சை: வட்டத் தடம் சான்றாகுமா?

2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜனீரோ நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்சின் தோளிலும் முதுகிலும் கருஞ்சிவப்பு நிறத்தில் பெரிய வட்டங்கள் காணப்பட்டன. 'கப்பிங்' எனப்படும் குவளைச் சிகிச்சையின் தடங்கள் அவை. அப்போட்டிகளில் அவர் ஐந்து தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். வட்டங்களையும் பதக்கங்களையும் ஒருசேரக் கண்டவர்களில் பலர், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்றே எண்ணிவிட்டனர். குவளை வைத்துக்கொண்டு தோற்றவர் எத்தனை பேர், வைத்துக்கொள்ளாமல் வென்றவர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால் அல்லவா உண்மை தெரியும்?

இச்சிகிச்சை புதிதன்று. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களில் இது பேசப்படுகிறது. சுசுருத சம்ஹிதை, இரத்தத்தை வெளியேற்றக் கொம்பு, அட்டை, சுரைக்குடுவை ஆகிய மூன்றையும் கூறுகிறது. குடுவையினுள் விளக்கு ஏற்றி வைத்து உறிஞ்சச் செய்வார்கள். சீனத்திலும் அரபு நாடுகளிலும் இம்முறை நெடுங்காலமாக உண்டு. ஆனால், ஒரு முறை பழமையானது என்பதால் மட்டும் அது பயன் தருவது என்று ஆகிவிடாது. குவளை உண்மையில் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

கண்ணாடிக் குவளையினுள் ஒரு நொடி தீச்சுடரைக் காட்டி, உடனே தோலின்மீது கவிழ்க்கிறார்கள். குவளை கவ்விக்கொள்கிறது. "உள்ளே இருந்த ஆக்சிஜன் எரிந்து தீர்ந்ததால் வெற்றிடம் உண்டாகிறது" என்று பலரும் விளக்கம் கூறுவர். தட்டில் உள்ள நீரில் மெழுகுவத்தியை நிறுத்தி டம்ளரைக் கவிழ்க்கும் பள்ளிச் சோதனைக்கும் இதே விளக்கம் தரப்படுவதுண்டு. இது சரியன்று. ஆக்சிஜன் எரியும்போது கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகி அதன் இடத்தைப் பெரும்பாலும் நிரப்பிவிடுகின்றன. முக்கியக் காரணம் வெப்பமே. சூடேறிய காற்று விரிந்து ஒரு பகுதி வெளியேறுகிறது. எஞ்சியது குளிரும்போது அழுத்தம் குறைகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கவிழ்க்கும் வேளையில் உள்ளே இருக்கும் காற்றின் வெப்பநிலை 127 டிகிரி செல்சியஸ், அதாவது 400 கெல்வின் என்று கொள்வோம். அது அறை வெப்பநிலையான 300 கெல்வினுக்குக் குளிர்ந்தால், அழுத்தம் நான்கில் மூன்று பங்காகக் குறையும். தோல் உள்ளே புடைத்து இடத்தை அடைத்துக்கொள்வதால் உண்மையான குறைவு இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். எனினும், வேறுபாடு ஏறத்தாழ கால் வளிமண்டலம், அதாவது 190 மில்லிமீட்டர் பாதரசம். வாய் விட்டம் 5 செ.மீ. உள்ள குவளையின்மீது இது சுமார் 5 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை. கைப் பம்பு பொருத்திய பிளாஸ்டிக் குவளைகளிலும் தத்துவம் இதுவே. வெற்றிடம் எதையும் 'இழுப்பதில்லை'. உடலின் மற்றப் பகுதிகளைக் காற்று அழுத்திக்கொண்டிருக்க, குவளையின் கீழ் மட்டும் அழுத்தம் குறைவதால் சதை அங்கே தள்ளப்படுகிறது.

இனி, தோலுக்கு அடியில் நடப்பதைப் பாருங்கள். தந்துகிகளில் இரத்த அழுத்தம் பொதுவாக 15 முதல் 35 மில்லிமீட்டர் பாதரசம்தான். வெளி அழுத்தம் இவ்வளவு குறையும்போது அவை விரிகின்றன; பல உடைந்தும் விடுகின்றன. சிவப்பணுக்கள் திசுவினுள் கசிகின்றன. அந்தக் கருஞ்சிவப்பு வட்டம் இதுதான். நாற்காலியில் இடித்துக்கொண்டால் உண்டாகும் இரத்தக்கட்டுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. ஈமோகுளோபின் சிதைவதால் நிறம் பச்சையாகவும் மஞ்சளாகவும் மாறி, சில நாள்களில், சிலருக்கு இரண்டு வாரத்தில், மறைந்துவிடும்.

"வட்டம் கறுப்பாக இருந்தால் கெட்ட நீர் அதிகம்; உடலின் நச்சு வெளியேறுகிறது" என்று சொல்லப்படுகிறது. குவளையை எடுத்தபின் அதனுள்ளே பாருங்கள். எதுவும் இராது. கிழியாத தோலின் வழியே வெளியேறிய அந்த நச்சு எங்கே? வட்டத்தின் கருமை, அழுத்தக் குறைவின் அளவையும், குவளை இருந்த நேரத்தையும், தோலின் தன்மையையும் பொறுத்தது. ஹிஜாமா முறையில் தோலைக் கீறி இரத்தம் எடுக்கிறார்கள். வருவது தந்துகிகளின் இரத்தமே. அதில் 'கெட்ட இரத்தம்' என்று தனியே ஒன்று பிரிந்து வருவதில்லை. கழிவுகளை அகற்றக் கல்லீரலும் சிறுநீரகங்களும் இரவு பகலாக உழைக்கின்றன.

"நச்சுக் கதை போகட்டும், எனக்கு வலி குறைந்ததே!" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை காணப் போலிக் குவளைகளைக் கொண்டு சோதனைகள் நடத்தப்பட்டன. நுண்ணிய துளை இருப்பதால் இக்குவளையில் அழுத்தக் குறைவு நிலைப்பதில்லை. 2021இல் வெளியான பிரேசில் ஆய்வில், நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 90 பேர் இரு பிரிவாக்கப்பட்டு, எட்டு வாரங்கள் வாரம் ஒருமுறை உண்மைக் குவளையோ போலிக் குவளையோ வைக்கப்பட்டனர். உண்மைக் குவளை மேம்பட்ட பலன் எதையும் தரவில்லை. ஃபைப்ரோமயால்ஜியா என்னும் தசைவலி நோயினர் 141 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஜெர்மானிய ஆய்வில், வழக்கமான கவனிப்பைவிடக் குவளை சற்று நலம் தந்தது; ஆனால் போலிக் குவளையைவிட மேலாக இல்லை. குறுகிய கால நிவாரணம் உண்டு என்று கூறும் ஆய்வுகளும் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை சிறியவை, போலிக் குவளையோடு ஒப்பிடாதவை.

அப்படியானால் வலி குறைந்ததாகச் சொல்பவர் பொய் சொல்கிறாரா? இல்லை. வலி ஏறி இறங்கும் இயல்புடையது. அது உச்சத்தில் இருக்கும்போதுதான் சிகிச்சை தேடிப் போகிறோம். அதன்பின் எது செய்தாலும், செய்யாவிட்டாலும், பெரும்பாலும் குறையவே செய்யும். திடீரென வரும் இடுப்புப் பிடிப்பு பலருக்குச் சில வாரங்களில் தானே தணிகிறது. மேலும், பத்து நிமிடம் அசையாமல் படுத்திருப்பதும், பரிவோடு தொடும் கையும், குணமாகும் என்ற நம்பிக்கையும் வலியுணர்வைக் குறைக்கவல்லவை.

ஆகவே, குவளைச் சிகிச்சையிடம் எதிர்பார்க்கக்கூடியது இவ்வளவே: தோலில் ஓர் இறுக்கம், சிறிது வெதுவெதுப்பு, ஒருவேளை சில மணி நேரமோ ஓரிரு நாளோ இதமான உணர்வு, நிச்சயமாகச் சில வட்டங்கள். எலும்புத் தேய்மானம் சரியாகும், நரம்பு அழுத்தம் நீங்கும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. கழுத்து, இடுப்புப் பிடிப்புக்கு உடலை இயக்கத்தில் வைத்திருப்பதும், முறையான உடற்பயிற்சியும், உட்காரும் பழக்கத்தை மாற்றுவதும் நீடித்த பலன் தருவன. இவற்றுக்குச் செலவும் குறைவு.

சிலர் இதைத் தவிர்க்கவே வேண்டும். இரத்தம் உறையாமைக் குறைபாடு உள்ளவர்கள், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவர்கள், தோலில் புண் உள்ளவர்கள், நீரிழிவால் உணர்ச்சி மரத்தவர்கள் இதில் அடங்குவர். தீயால் கொப்புளம் உண்டாகலாம். கீறும் கருவி தூய்மையற்றதாயின் தொற்று பரவலாம். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து காலதாமதம். இடுப்பு வலியோடு கால் மரத்துப்போதல், சிறுநீர் அடைபடுதல் அல்லது அறியாமல் பிரிதல், காய்ச்சல் ஆகியவை சேர்ந்தாலும், மார்பில் தொடங்கிய வலி தோளுக்குப் பரவினாலும், அதை 'வாயுப் பிடிப்பு' என்று சொல்லிக் குவளை வைத்துக்கொண்டிருப்பது உயிருக்கே கேடாக முடியலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முதுகில் தெரியும் வட்டம் அழுத்தம் குறைந்ததற்குச் சான்று. நோய் குறைந்ததற்குச் சான்று அன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை. பள்ளியில் கற்ற இயற்பியலே போதும்.