போர்ப்பலகையும் வயதும்
அறுகோணக் கட்டமிட்ட வரைபடத்தில் படைப்பிரிவுகளைக் குறிக்கும் அட்டைச் சில்லுகளை நகர்த்தி ஆடும் போர்ப்பலகை விளையாட்டுகளுள், 1979இல் வெளிவந்த ‘தி கேம்பெயின் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா’, இத்தாலியப் படையினர் பாஸ்தா வேகவைக்கவும் கூடுதல் தண்ணீர் ஒதுக்கவேண்டும் என்னும் அளவுக்கு வழங்கல் கணக்கை, அதாவது எரிபொருள், உணவு, நீர் ஆகியவற்றின் இருப்பை, நுணுகிப் பார்ப்பது. இத்தகைய விதிகளை இருபது வயதில் மனப்பாடம் செய்து மகிழ்ந்தவரே, ஐம்பதைக் கடந்தபின், விதிவிலக்கின் விதிவிலக்கைத் தேடிப் பக்கம் புரட்டும்போது சலித்துவிடுவதை நினைவாற்றலின் தளர்ச்சி என்று மட்டும் கொள்வது பொருந்தாது (மூக்குக்கண்ணாடிக்கும் அதில் பங்குண்டு). எதிராளியின் உள்ளக்கிடக்கையை ஊகிப்பதே ஆட்டம், ஏடெழுதுவது குமாஸ்தா வேலை என்னும் தெளிவும் அதில் கலந்துள்ளது. 2004இல் ரிச்சர்ட் போர்க் வடிவமைத்து வெளிவந்த ‘மெமோயர் 44’, இடப்புறம், நடு, வலப்புறம் எனப் பிரித்த களத்தில் எப்பகுதிப் படை நகரலாம் என்பதைக் கைச்சீட்டாலேயே முடிவுசெய்வதால், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. வயதேறிய ஆட்டக்காரர் முதலில் திறக்கவேண்டிய பெட்டி இதுவே.