ஆண்செடி வேண்டாத விதைத் தொழில்

கஞ்சா விதை வியாபாரத்தில் ஒரு வாதம் வேதவாக்காகவே ஓதப்படுகிறது: ஆண்செடி வீண் செலவு, பெண்செடியையே மகரந்தம் தர வைத்துவிட்டால் போதும். நெதர்லாந்திலும் ஸ்பெயினிலும் அமெரிக்காவிலும் விதை விற்பவர்களின் பட்டியலைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ‘பெண் விதை’தான். ஆணும் பெண்ணும் கலந்து முளைக்கும் சாதாரண விதைக்கு ஏதோ ஒரு மூலை ஒதுக்கியிருப்பார்கள். இதைப் பெரிய முன்னேற்றம் என்கிறார்கள். பயிரிடுபவருக்கு அது முன்னேற்றம்தான், பயிருக்கு அல்ல.

முறை பலரும் அறிந்தது. பூக்கத் தொடங்கும் பெண்செடிமேல் வெள்ளி தயோசல்ஃபேட் கரைசலைத் தெளிக்கிறார்கள். பெண்பூ உருவாகத் தூண்டும் எத்திலீனின் வேலையை வெள்ளி அயனி தடுத்துவிடுகிறது. சில வாரங்களில், வெண்மயிர் போன்ற சூல்முடிகள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய கணுக்களில் பச்சை மொட்டுகள் கொத்தாகத் தொங்குகின்றன. அவை விரிந்தபின் கிளையைத் தட்டினால் வெளிர்மஞ்சள் தூள் உதிர்கிறது. அந்தத் தூளில் பால் குரோமோசோமாக எக்ஸ் மட்டுமே இருப்பதால் அதில் உண்டாகும் விதை ஏறக்குறைய எல்லாமே பெண். இதற்கான அடிப்படை ஆய்வுகளில் முக்கியமானவை டெல்லிப் பல்கலைக்கழகத்தில் நடந்தவை. எச். ஒய். மோகன் ராமும் வி. எஸ். ஜெய்ஸ்வாலும் 1972இல் ஜிப்பரெல்லின் ஹார்மோனைக் கொண்டு பெண்செடியில் ஆண்பூ வரவழைத்தார்கள். 1982இல் மோகன் ராமும் ஆர். செத்தும் வெள்ளிச் சேர்மங்களால் அதையே செய்துகாட்டினார்கள். அவர்கள் தேடியது செடியின் பாலை எது தீர்மானிக்கிறது என்பதற்கான விடை. 1990களின் பிற்பகுதியில் டச்சு நிறுவனங்கள் அதைச் சந்தைச் சரக்காக்கின.

நன்மைகளை மறுக்க முடியாது. கனடாவின் கூட்டாட்சிச் சட்டம் வீட்டுக்கு நான்கு செடி என்கிறது. ஜெர்மனி 2024 முதல் வயதுவந்தவருக்கு மூன்று என்கிறது. எண்ணிக் கொடுத்ததில் பாதி ஆணாக முளைத்தால் வளர்ப்பவருக்கு நட்டம். பூவிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்காக ஹெம்ப் என்ற போதை குறைந்த கஞ்சா போடும் விவசாயிக்கோ, ஓர் ஆண்செடி கண்ணில் படாமல் தப்பினாலே சுற்றியுள்ள பூவெல்லாம் விதை பிடித்துவிடும். பெண் விதையில் முளைப்பதெல்லாம் கடைசியில் இருபால் பூ விடும் என்ற பழைய பயமும் மிகையே. வெள்ளி மரபணுவை மாற்றுவதில்லை.

கோளாறு வேறிடத்தில். விதை உண்டாக்க உதவும் ஒரு கருவி, பயிர் மேம்பாட்டுத் திட்டத்தின் இடத்தையே பிடித்துக்கொண்டது. பேர்பெற்ற ஒரு தாய்ச்செடி. அதன் போத்தில் வளர்த்த ஒரு கன்றுக்கு வெள்ளி. அதில் கிடைத்த மகரந்தம் அதே தாயின் இன்னொரு கன்றுக்கு. புதிய ரகம் தயார், பாக்கெட்டும் தயார். இது செடியைத் தன்னோடு தானே கூட்டும் தற்கலப்பு. ஒவ்வொரு முறை இப்படிச் செய்யும்போதும் செடியின் மரபணு வேறுபாடு சராசரியாகப் பாதியாகிறது. மூன்றாம் தலைமுறையில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். வெள்ளரியிலும் பெண்பூ வகைகளைக் காக்க வெள்ளி நைட்ரேட் தெளிக்கிறார்களே என்று பதில் வரும். வெள்ளரி தற்கலப்பைப் பெரிய சேதமில்லாமல் தாங்கும் பயிர். கஞ்சா காற்றில் மகரந்தம் பறக்கவிட்டு, அயல்செடியோடு கூடியே பழகியது. தற்கலப்பில் அதன் வீரியம் குன்றும்.

இரண்டு பெற்றோரும் பெண்ணாக இருந்தால் இரண்டின் பூவையும் முகர்ந்து, அளந்து, தேர்ந்தெடுக்கலாம், ஆண்செடியில் எதைப் பார்ப்பது என்று கேட்கிறார்கள். இந்த முறையின் ஆதரவாளர்கள் வைக்கும் ஆகச்சிறந்த வாதம் இது. ஆனால் காளையும்தான் பால் கறப்பதில்லை. அதன் தரத்தை மகள்களின் மடியைப் பார்த்துத் தீர்மானிக்கிறோம். ஆண் கஞ்சாவையும் அப்படித்தான் சோதிக்க வேண்டும்: பல பெண்செடிகளோடு கூட்டி, பிறந்த கன்றுகளை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு இடமும் பொறுமையும் பணமும் வேண்டும். முடியாது என்று சொல்லப்படுவது உண்மையில் செலவழிக்க மனமில்லாததுதான்.

இன்னொரு சேதம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. வெள்ளி தெளித்த ஐந்து ஹெம்ப் வகைகளை 2020இல் ஆராய்ந்தபோது, மகரந்தத்தின் தோற்றமும் முளைப்புத்திறனும் வகைக்கு வகை மாறின. அப்படியானால் நல்ல மகரந்தம் தராத வகை, எவ்வளவு நோய் தாங்கினாலும், தந்தையாகும் வரிசையில் பின்தள்ளப்படும். மணத்தையும் எண்ணெயையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதாக நினைக்கும்போதே, வெள்ளிக்கு இணங்குவதும் ஒரு தகுதியாக உள்ளே நுழைந்துவிடுகிறது.

ஆணுக்கே உரிய ஒய் குரோமோசோமோ ஒரே அடியாகப் பட்டியலைவிட்டே போய்விடுகிறது. 2025இல் நேச்சர் இதழில் வந்த, சால்க் ஆய்வகம் தலைமையேற்ற 193 மரபணுத்தொகுதிகளின் ஆய்வு பால் குரோமோசோம்களையும் ஆராய்ந்தது. ஆணில் இருப்பது என்னவென்று அறிவியல் இப்போதுதான் வாசிக்கத் தொடங்கியிருக்கிறது. வாசித்து முடிக்குமுன்பே விதைக்காரர்கள் அதைக் குப்பையில் போடுகிறார்கள்.

ஆண்பூவைக் கையாளும் சிரமத்தைத் தவிர்க்கப் போய் ஒரு தேசமே அடிபட்ட கதை இருக்கிறது. அமெரிக்காவில் கலப்பின மக்காச்சோள விதை எடுக்க, செடி செடியாக ஆண்கதிரைக் கிள்ளியெறிய வேண்டியிருந்தது. டெக்சாஸ் வகை ஆண்மலட்டுத் தன்மை அந்தக் கூலியை மிச்சப்படுத்தியது. 1970இல் நாட்டின் மக்காச்சோளத்தில் சுமார் 85 விழுக்காடு அதைச் சுமந்தது. அந்த ஆண்டு இலைக்கருகல் பூஞ்சையின் ஒரு புதிய இனம் சரியாக அந்தத் தன்மை உள்ள செடிகளையே தாக்கியது. மொத்த விளைச்சலில் சுமார் 15 விழுக்காடு போயிற்று. மக்காச்சோளத்துக்கு அரசு விதைச் சேமிப்பும் பல்கலைக்கழகங்களும் துணை இருந்ததால் சீக்கிரம் மீள முடிந்தது. பல பத்தாண்டுகள் தடையில் கிடந்த கஞ்சாவுக்கு அப்படிப்பட்ட காப்பு மிகக் குறைவு.

இழப்பு எங்கே போய் முடியும் என்பதை மொராக்கோவின் ரிஃப் மலையில் பார்க்கலாம். அங்கே ‘பெல்தியா’ என்ற நாட்டு ரகம் மழையை நம்பி வளரும், வறட்சியைத் தாங்கும். விவசாயி தன் வயலிலேயே விதை எடுத்து வைப்பார். வெளியிலிருந்து வந்த கலப்பினங்கள் அதை ஒதுக்கின. அவை பிசின் அதிகம் தந்தன, தண்ணீரையும் அதிகம் குடித்தன. 2021இல் மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் சட்டம் வழிவிட்டபின், 2024இல் பெல்தியாவும் அனுமதி பெற்ற சாகுபடிக்குள் வந்தது. ஆணும் பெண்ணுமாக அதை வைத்திருந்த விவசாயிகள் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. பெண் விதை மட்டும் வாங்கும் விவசாயிக்கு இந்த வழி அடைபட்டுவிடுகிறது. அவர் வயலில் ஆண் இல்லை. அடுத்த பருவத்துக்கு மறுபடியும் கடைக்குத்தான் போக வேண்டும். இதைப் பட்டியல்களில் யாரும் அச்சிடுவதில்லை.

வெள்ளிக் கரைசலைத் தடைசெய்யச் சொல்லவில்லை. பயிரிடுபவருக்கு விற்கும் கடைசித் தலைமுறை விதைக்கு அது இருக்கட்டும். பெற்றோர் வரிசைகளைத் திறந்த மகரந்தச் சேர்க்கையில், நூற்றுக்கணக்கான ஆணும் பெண்ணுமாகக் காப்பது விதை நிறுவனங்களின் பொறுப்பு. பாக்கெட்டின்மேல் பெற்றோர் யார், எத்தனை தலைமுறை தற்கலப்பு என்று அச்சிட வேண்டும். போதை தரும் டிஎச்சியின் அளவை தசமப் புள்ளி வரை போட முடிகிறவர்களுக்கு இது கடினமல்ல.