கூடை பின்னாத மனிதர்கள்

ஃபிரான்ஸ் ஃபனோனைப் பற்றித் தமிழில் பேசுவோர் பலரும் வன்முறை குறித்த அவரது அத்தியாயத்தோடு நின்றுவிடுகின்றனர். 1961இல் வெளிவந்த அதே நூலின் பிற்பகுதியில், போரினால் மனம் சிதைந்தவர்களின் கதைகள் உள்ளன. எழுதியவர் ஒரு மனநோய் வைத்தியர். அவ்வைத்தியர் விட்ட ஒரு தவறைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறேன்.

1953 நவம்பரில் அல்ஜீரியாவின் பிளிடா மனநோய் வைத்தியசாலைக்கு ஃபனோன் போய்ச் சேர்ந்தார். அல்ஜீரிய முஸ்லிம்கள் பின்தங்கிய மனம் படைத்தோர், வன்முறை அவர்தம் பிறவிக்குணம் என்று அந்துவான் போரோவின் 'அல்ஜியேர்ஸ் பள்ளி' போதித்துக்கொண்டிருந்த காலம் அது. ஃபனோனின் பொறுப்பில் ஐரோப்பியப் பெண்கள் 165 பேரும் முஸ்லிம் ஆண்கள் 220 பேரும் இருந்தனர். பிரான்சில் கற்றுவந்தபடி கூட்டம், சஞ்சிகை, விழா, கைவேலை என்று தொடங்கினார். பெண்கள் விடுதி உயிர்பெற்றது. ஆண்கள் அசையவில்லை.

போரோவின் சீடர் எவராயினும் குற்றத்தை நோயாளிகள்மேல் போட்டிருப்பார். ஃபனோனோ 1954இல் ஜாக் அசூலேயுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் அதைத் தம்மேலேயே போட்டுக்கொண்டார். கூடை பின்னுவது அம்மனிதர்களுக்குப் பெண்களின் வேலை. எழுத்தறியாதோருக்குச் சஞ்சிகை எதற்கு? மொழிபெயர்ப்பாளரோ, நீதிமன்றிலும் அரச அலுவலகத்திலும் அவர்கள் முன்பே கண்ட ஆள். பின்னர் ஊர்ப்பாணியில் ஒரு கோப்பிக்கடை வந்தது, பெருநாள் வந்தது, கதைசொல்லி வந்தார்.

ஃபனோனிடமும் குறையுண்டு. 'பெண்களின் வேலை' என்பதை அவர் கேள்வி கேட்கவில்லை. முஸ்லிம் சமூகம் முழுவதையும் ஒரே வார்ப்பாகவே பார்த்தார். ஆனால் கோப்பிக்கடையோடு அவர் நின்றுவிடவுமில்லை. சொந்த மண்ணிலேயே அந்நியனாக்கப்பட்டவனை அந்த மண்ணுக்கே இசைவாக்குவது வைத்தியமாகாது என்று கண்டு, 1956இல் பதவி துறந்தார். 1957 ஜனவரியில் நாடுகடத்தப்பட்டார்.

'பண்பாட்டுக்கேற்ற வைத்தியம்' என்று இன்று பேசுவோர் கோப்பிக்கடையை எடுத்துக்கொண்டு பதவிதுறப்பை விட்டுவிடுகின்றனர். எமக்கு இது தொலைதூரத்துக் கதையல்ல. அகதி விசாரணையில் பக்கத்தில் இருந்த அதே மொழிபெயர்ப்பாளர் வைத்தியரின் அறையிலும் இருந்தால், எம்மவர் எதைச் சொல்வர்? 'தலை விறைக்குது, நெஞ்சு எரியுது' என்பதோடு நிறுத்திக்கொள்வர். துயரம் உடல்நோவாகவே வெளிப்படுவதை யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய தயா சோமசுந்தரம் 1998இல் 'ஸ்கார்ட் மைன்ட்ஸ்' நூலில் பதிவு செய்தார். அது எமது மொழி, அறியாமையல்ல.

அதற்காக எமது பண்பாடே மருந்தென்று சொல்லவும் மாட்டேன். 'விசர்' என்ற ஒற்றைச் சொல்லால் எத்தனை பேரை அறைக்குள் பூட்டி வைத்தோம்? கலியாணப் பேச்சுக் குழம்பும் என்று எத்தனை பெண்களின் நோயை மறைத்தோம்? எமது மொழியில் கேட்கும் வைத்தியர் வேண்டும், சரிதான். ஆனால் விசா முடிவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவனின் நித்திரையின்மைக்குக் குளிசை மட்டும் கொடுப்பவர் தமிழராயிருந்தென்ன, வெள்ளையராயிருந்தென்ன?