புண் காத்தவள்

2025 ஜனவரியில் துபாய் தடத்தில் பயிற்சியின்போது நடிகர் அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற காணொளி என் வகுப்பில் எல்லார் கைபேசியிலும் இருந்தது. நல்லவேளை, அவருக்குக் காயமில்லை. சில நாளில் அவருடைய அணி 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததும், விழுந்து எழுவதைப் பற்றிய வாசகங்கள் மாணவிகளின் ஸ்டேட்டஸில் நிரம்பி வழிந்தன. உண்மையிலேயே செத்துப் பிழைத்து வந்த ஒரு ஓட்டுநரைக் காட்டுகிறேன் என்று சொல்லி, நிகி லாடாவைப் பற்றிய ‘ரஷ்’ படத்தை முதுகலை வகுப்பில் திரையிட்டேன். ரான் ஹோவார்ட் 2013இல் எடுத்தது. படம் முடிந்தபோது பலருக்குக் கண் கலங்கியிருந்தது. ஒருத்தி மட்டும் கேட்டாள்: “மேம், அந்த ஆறு வாரமும் அந்தம்மா என்ன செஞ்சுட்டிருந்தாங்க?”

அந்தம்மா என்றால் மார்லின், லாடாவின் மனைவி. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

நடந்தது இதுதான். 1976 ஆகஸ்ட் 1, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங். காட்டுக்குள் 22 கி.மீ.க்கும் மேல் வளைந்து வளைந்து போகும் தடம். எங்கோ ஒரு மூலையில் கார் கவிழ்ந்தால் தீயணைப்பவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இங்கே ஓட்ட வேண்டாமென்று நடப்புச் சாம்பியனான லாடாவே வாதாடினார். ஓட்டுநர்கள் வாக்கெடுப்பில் தோற்றார். இரண்டாம் சுற்றில் அவருடைய ஃபெராரி தடத்தைவிட்டு விலகி மோதித் தீப்பிடித்தது. அவரை வெளியே இழுத்துப் போட்டவர்கள் பின்னால் வந்த சக ஓட்டுநர்கள் நால்வர். தலையும் முகமும் வெந்து, வலக்காதின் பெரும்பகுதி போய், நச்சுப்புகை நுரையீரலுக்குள் இறங்கியிருந்தது. பாதிரியார் அவஸ்தைப் பூசுதலும் கொடுத்துவிட்டார். 42 நாள் கழித்து இத்தாலியின் மோன்ஸாவில், ஆறாத புண்மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓட்டி, லாடா நான்காவதாக வந்தார்.

படம் இதைத் திறமையாகவே எடுத்திருக்கிறது. நுரையீரலுக்குள் குழாய்விட்டு உறிஞ்சும் காட்சியில் வகுப்பில் பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் லாடாவின் கண் எங்கே இருக்கிறது? தொலைக்காட்சியில். எதிராளி ஜேம்ஸ் ஹன்ட் ஜெயித்துக்கொண்டிருக்கிறார். லாடாவைக் கட்டிலிலிருந்து எழுப்புவது அந்தப் போட்டிதான் என்று படம் நம்புகிறது; ஒரு வீரனை இன்னொரு வீரன்தான் உயிர்ப்பிக்க முடியும். பிறகு மோன்ஸாவில் செய்தியாளர் ஒருவர், இந்த முகத்தோடு மணவாழ்க்கை நிலைக்குமா என்று லாடாவிடம் கேட்கிறார். ஹன்ட் அந்த ஆளைத் தனியே இழுத்துப்போய் அடித்து நொறுக்குகிறார். வகுப்பில் கைதட்டல். எனக்கும் கை எழத்தான் பார்த்தது. கேள்வி ஒரு பெண்ணின் மனத்தைப் பற்றியது. கேட்டவர் ஆண், கேட்கப்பட்டவர் ஆண், முஷ்டியால் பதில் சொன்னவரும் ஆண். மார்லினை யாரும் கேட்கவில்லை.

எனக்கு அப்போது தொடாக்காஞ்சி நினைவுக்கு வந்தது. தமிழ் படித்தவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடும் ஒரு துறை. போரில் புண்பட்டு வீட்டில் கிடக்கிறவனைப் பேய் தீண்டாமல் மனைவி காப்பது. புறநானூற்றில் அரிசில் கிழார் பாடிய 281ஆம் பாட்டு இந்தத் துறைதான். வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகைச் சிதறி, குழலூதி, மணியடித்து, நறும்புகை போட்டுக் காக்க வேண்டும் என்று அவள் தோழியை அழைக்கிறாள். வேலை வேலையாக அடுக்கிக்கொண்டு போகும் பாட்டு அது. புண்பட்டவன் அதில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. பேச்சு முழுக்கக் காவலிருக்கிறவளுடையது. விழுப்புண்ணைக் கொண்டாடிய அதே மரபு, புண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதையும் பாடத்தக்கதாக நினைத்திருக்கிறது. சங்ககாலப் பெண்ணின் நிலை உயர்ந்திருந்தது என்று சொல்ல வரவில்லை. அந்த வாதத்தில் எனக்கு ஈடுபாடு போய் நெடுநாளாகிறது. ஆனால் இருபத்தோராம் நூற்றாண்டின் ஒரு பெருஞ்செலவுப் படத்துக்குத் தோன்றாத ஒன்று அந்தப் புலவருக்குத் தோன்றியிருக்கிறது.

லாடாவின் பிற்கால வாழ்விலும் இதே இடைவெளி உண்டு. 2005இல் அவருக்குச் சிறுநீரகம் கொடுத்தவர், பிற்பாடு அவர் மணந்துகொண்ட பிர்கிட். அறிமுகமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. 2019இல் லாடா இறந்தபோது வந்த அஞ்சலிகளில் மோன்ஸாவுக்குப் பத்தி பத்தியாக இடமிருந்தது. நான் வாசித்தவற்றில் அந்தச் சிறுநீரகம் ஒரு வரியைத் தாண்டவில்லை.

லாடாமேல் எனக்குக் கோபமில்லை. இமைகள் மூடித் திறக்கத் தேவையான அளவுக்கு மட்டும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, அழகுக்காக எதுவும் வேண்டாமென்று இருந்துவிட்டார். தழும்பை மறைத்த சிவப்புத் தொப்பியை விளம்பரத்துக்கு விற்றுக் காசாக்கினார். அந்த அலட்சியம் எனக்குப் பிடித்திருக்கிறது. கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. என் சிறுவயதில் எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு ‘ஸ்டவ் வெடித்து’ முகமும் கழுத்தும் வெந்துபோயின. ஸ்டவ்தான் வெடித்தது என்று எல்லாரும் சொன்னார்கள், அக்காவும் சொன்னார். சில மாதத்தில் முந்தானையைக் காதுவரை இழுத்துப் போட்டுக்கொண்டு அதே அடுப்பின்முன் நின்றார். மீண்டு வந்தார் என்று அதை யாரும் சொல்லவில்லை. ஏன் வெடித்தது என்றும் கேட்கவில்லை.

லாடாவின் உண்மையான துணிச்சல் மோன்ஸாவில் இல்லை, ஜப்பானின் ஃபுஜியில் இருக்கிறது என்பது என் கருத்து. அக்டோபர் 24, கடைசிப் பந்தயம், கொட்டும் மழை. சாம்பியன் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில். இரண்டு சுற்று ஓட்டிவிட்டு, இது பைத்தியக்காரத்தனம் என்று காரை நிறுத்தி இறங்கிவிட்டார். எஞ்சின் கோளாறு என்று சொல்லிக்கொள்ளலாம் என அணியினர் முன்வந்தபோதும் மறுத்தார். ஒரே ஒரு புள்ளியில் பட்டம் ஹன்டுக்குப் போனது. நூர்பர்க்ரிங்கில் வாக்கெடுப்பில் தோற்ற வாதத்தை ஃபுஜியில் உடம்பால் சொன்னார் என்று இதை வாசிக்கலாம். படம் அப்படி வாசிக்கவில்லை. மார்லினின் முகம் அவர் மனத்தில் வந்துபோகிறது, கார் நிற்கிறது. பணிக்கிடத்தின் பாதுகாப்பைப் பற்றிய ஒரு மனிதனின் தெளிவான முடிவு, பெண்மேல் வைத்த பாசத்தால் வந்த இளக்கமாகிவிடுகிறது. ஆறு வாரம் கட்டிலருகே காணாமல் போனவளை, அவன் பின்வாங்குவதற்குக் காரணம் தேவைப்படும்போது கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

லாடா ஆஸ்பத்திரியில் கிடந்த அதே ஆகஸ்டின் 15ஆம் தேதி, ஆஸ்திரியப் பந்தயத்தில் இத்தாலியின் லெல்லா லொம்பார்டி ஓட்டினார். பன்னிரண்டாவதாக வந்தார். அதற்குப் பிறகு இன்றுவரை எந்தப் பெண்ணும் ஃபார்முலா ஒன் சாம்பியன்ஷிப் பந்தயம் ஒன்றில் ஓட்டவில்லை. ‘மீண்டு வருதல்’ என்றால் இருக்கைக்குத் திரும்புவது என்றே ரசிகர்கள் புரிந்துகொள்கிறார்கள். இருக்கையே இல்லாதவள் எதற்குத் திரும்புவாள்? இருக்கை கிடைத்தால் அவளையும் கொண்டாடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் மக்காவில் ஜெர்மனியின் சோஃபியா ஃப்ளோர்ஷ், 17 வயது, ஃபார்முலா மூன்று காரோடு தடுப்புவேலியைத் தாண்டிப் பறந்தார். முதுகெலும்பு முறிந்தது. அடுத்த ஆண்டு அதே மக்காவுக்கு வந்து ஓட்டினார். உலகமே பாராட்டியது.

ஸ்பெயினின் மரியா தெ வியோத்தாவுக்கு அப்படி ஒரு மக்கா வாய்க்கவில்லை. அவர் மரூசியா அணியின் சோதனை ஓட்டுநர், பந்தயத்தில் ஓட்டுபவரல்ல. 2012 ஜூலை 3, இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டு விமானத் தளத்தில் நேர்கோட்டுச் சோதனை. முதல் ஓட்டம் முடிந்து திரும்பி வரும்போது, நின்றிருந்த அணியின் லாரியில் கார் மோதியது. லாரியின் பின்பக்கம் சரக்கு ஏற்றும் பலகை ஓட்டுநரின் தலையுயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. வலக்கண் போனது. மண்டையோடு சிதைந்தது. வாசனையும் சுவையும் போயின. காரில் கோளாறில்லை என்று அணி தன் விசாரணைக்குப் பின் அறிவித்தது. காரில் கோளாறில்லை என்றால் அந்த வாக்கியத்தில் மிச்சமிருப்பது யார்?

அந்த அக்டோபரில் குட்டை முடியும் கண்மறைப்புமாக மரியா மத்ரித்தில் செய்தியாளர்முன் வந்து உட்கார்ந்தார். பிறகு சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார், நோயுற்ற குழந்தைகளுக்கான அறக்கட்டளையோடு வேலை செய்தார், கல்யாணம் செய்துகொண்டார், ஒரு புத்தகம் எழுதினார். 2013 அக்டோபர் 11 அன்று, ‘ரஷ்’ திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தபோது, செவிய்யாவில் ஒரு விடுதி அறையில் இறந்துகிடந்தார். புத்தகம் வெளியாகச் சில நாளே இருந்தது. இயற்கை மரணம் என்றன முதல் செய்திகள். டக்ஸ்ஃபோர்டில் பட்ட காயத்தின் விளைவே இது என்று மருத்துவர்கள் சொன்னதாகக் குடும்பத்தார் பின்னர் அறிவித்தார்கள்.

கேள்வி கேட்ட மாணவிக்கு மரியாவின் பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் வாசித்துவிட்டு வந்தாள். “இவங்க திரும்பி வரவே இல்லையே மேம்?”

“வந்தாங்க. பதினைஞ்சு மாசம் இருந்தாங்க” என்றேன்.