பெயர் மட்டும் எமக்கு

2013ம் ஆண்டு மார்ச் மாதம் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் பெராரி நிறுவனம் தனது புதிய ஹைப்பர் காரை அறிமுகம் செய்தபோது, ரசிகர்களை அதிகம் சங்கடப்படுத்தியது அதன் பெயர்தான். ‘லாபெராரி’. இத்தாலிய மொழியில் ‘லா’ என்பது பெண்பாற் சொல்லுக்கு முன்னே வருகின்ற சுட்டு. ஆக, பெராரி செய்த அந்தக் காரின் முழுப்பெயர் ‘பெராரி, அந்தப் பெராரி’ என்றாகிறது. பிறந்த பிள்ளைக்குப் ‘பிள்ளை’ என்றே பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் பதிந்துவிட்டு வந்தது போல. 963 குதிரைவலு, பந்தயக் கார்களிலிருந்து இறங்கிவந்த மின் உந்துதல், இவற்றையெல்லாம் வாயாரப் புகழ்ந்தவர்களே பெயரைச் சொல்லும்போது சிரித்தார்கள். சிலர் கோபித்துக்கொண்டார்கள்.

இந்தக் கோபத்தை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. காரை வாங்கப் போகிறவர்களுக்குப் பெயரில் பெரிய முறைப்பாடு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. 499 கார்கள், ஒவ்வொன்றும் பத்து இலட்சம் யூரோவுக்கு மேல், யார் வாங்குவது என்பதையும் நிறுவனமே தெரிவு செய்தது. கோபித்துக்கொண்டவர்கள் மற்றவர்கள். அதன் கதவைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு ஒருநாளும் கிட்டாதவர்கள். படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டுபவர்கள், பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டே மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மனப்பாடம் செய்பவர்கள். அவர்களுக்கு அந்தக் காரில் கிடைக்கக்கூடிய ஒரே பங்கு பெயர்தான். பெயரைச் சொல்லலாம். சொல்லிச் சொல்லிச் சொந்தமாக்கலாம். அந்தப் பங்கிலும் கைவைத்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

‘ரசிகர்கள் வெறும் பித்தர்கள்’ என்று ஒதுக்கிவிடுவது எமது சஞ்சிகைகளில் எழுதுபவர்களுக்கு வழக்கமான ஒன்று. நாமும் அப்படி நினைத்தவர்கள்தான். ஆனால் ஒரு தலைப்பு ஏன் படைப்புக்குப் பொருந்தவில்லை என்று விவாதிக்கும் ஒரு கூட்டம், தன்னை அறியாமலேயே விமர்சனம் செய்கிறது. அந்த விமர்சனம் எங்கே கூர்மையாகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதுதான் கேள்வி.

சந்தையில் கேட்கிறவர்களைவிட ஒரு கார் குறைவாகச் செய் என்பது என்ஸோ பெராரி சொன்னதாகச் சொல்லப்படும் வியாபாரத் தந்திரம். அவருடைய பெயரையே சூட்டி 2002ல் வந்த ‘என்ஸோ’ முதலில் 349 என்றார்கள், பின்னர் 399 ஆனது. அதற்கும் மேலே ஒன்று செய்தார்கள், 400வது. அதை 2005 ஜனவரியில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். ஏலத்தில் விற்று வரும் பணம், 2004 டிசம்பர் 26ல் கடல் அள்ளிக்கொண்டுபோன கரைகளின் சனங்களுக்கு என்று முடிவாயிற்று. பாப்பரசர் ஏப்ரலில் காலமானார். ஜூன் மாத ஏலத்தில் அது 950,000 யூரோவுக்குப் போனது. அதே கார் 2015ல் கலிபோர்னியாவில் மறுபடியும் ஏலத்துக்கு வந்து அறுபது இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. ரசிகர்களிடையே அதற்குப் பெயர் ‘பாப்பரசரின் என்ஸோ’. வேறு எந்தப் பெயரும் அதற்கு இல்லை. முல்லைத்தீவுக் கரையிலும் கல்முனையிலும் உறவுகளைத் தேடித் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மார்கழியைக் கழித்த எமக்கு, அந்தக் காரின் வரலாற்றில் அலை ஒரு வரியாகவே எஞ்சியிருப்பது உறுத்துகிறது. அந்த ஒரு வரியும் சேர்ந்துதான் விலையை ஏற்றியது என்பது இன்னும் அதிகமாக உறுத்துகிறது.

லம்போகினியின் வழி வேறு. அங்கே காளைகள். 2007ல் இருபது கார்களாக வந்த ‘ரெவென்தோன்’, 1943ல் பெலிக்ஸ் குஸ்மான் என்ற காளைப்போர் வீரனைக் கொன்ற காளையின் பெயர். லாபெராரி வந்த அதே ஜெனீவாவில், 2013ல், மூன்றே மூன்று பேருக்கு விற்பதற்கென்று வந்த ‘வெனெனோ’வும் 1914ல் ஒரு வீரனைக் குத்திக் கொன்ற காளைதான். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு நஞ்சு என்று பொருள். ரசிகர்கள் இதை இரசித்தார்கள். கொலை செய்த காளை என்றால் காருக்கு ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது. இதில் மேலே சொல்ல அதிகமில்லை.

பகானியின் கதைதான் எம்மை அதிகம் இழுக்கிறது. ஒராசியோ பகானி ஆர்ஜென்ரீனாக்காரர். 1955ல் சான்ரா பே மாகாணத்தின் கசில்டா என்ற ஊரில் பிறந்தவர். உலக சம்பியன் பட்டத்தை ஐந்து தடவை வென்ற ஹுவான் மனுவல் பாஞ்சியோ எழுதிக் கொடுத்த சிபாரிசுக் கடிதங்களோடு 1980களின் தொடக்கத்தில் இத்தாலிக்கு வந்து, லம்போகினியில் வேலை பார்த்து, பின்பு தனியே தொழில் தொடங்கினார். தன்னுடைய முதல் காருக்குப் பாஞ்சியோவின் பெயரையே வைப்பதாக இருந்தார். 1995ல் பாஞ்சியோ இறந்துபோனார். உயிரோடு இருந்தவரைக் கௌரவிக்க நினைத்த பெயர், இறந்தவரை வைத்து வியாபாரம் செய்வதாகிவிடக் கூடாது என்று அதைக் கைவிட்டார். 1999ல் ஜெனீவாவில் கார் வெளிவந்தபோது அதன் பெயர் ‘சொண்டா’. அந்தீஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் இறங்கி, சான் ஹுவான், மெண்டோசா பக்கமெல்லாம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வீசும் வரண்ட வெப்பக் காற்று அது. எமக்குக் கச்சான் காற்று எப்படியோ அப்படி.

ரசிகர்கள் சொண்டாவை உடனேயே ஏற்றுக்கொண்டார்கள். ஓசை பிடித்திருந்தது என்பார்கள். எமக்கோ அதில் ஓசையை மிஞ்சிய ஒன்று கேட்கிறது. ஊரை விட்டு வந்த ஒருவன், தான் செய்த மிகச் சிறந்த பொருளுக்கு, தன் நாட்டில் வீசும் காற்றின் பெயரைத் தேடி எடுத்து வைக்கிறான். விளம்பரப் பிரிவில் இருக்கும் எவனும் அந்தப் பெயரைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

அதற்குப் பிறகு வந்தது 2011ல் ‘வைரா’. நூறு கார்கள். இதுவும் காற்றுத்தான், ஆனால் இம்முறை அந்தீஸ் மலைமக்கள் வணங்கிய காற்றுத் தெய்வம், வைரா தாத்தா. கெச்சுவா மொழியில் வைரா என்றால் வெறுமனே காற்று. அன்றாடச் சொல். கதவைச் சாத்து, காற்று வருகிறது என்பதற்கும் அதே சொல்தான். எமது காதுக்கு வைரம் போல ஒலிப்பது தற்செயல். ஸ்பானிய எழுத்து முறையில் ‘ஹ’வும் ‘உ’வும் கலந்து அது எழுதப்படுவதால் ஐரோப்பிய, அமெரிக்க ரசிகர்கள் தடுமாறினார்கள். இதென்ன பெயர், யாரால் சொல்ல முடியும் என்று புறுபுறுத்தார்கள். சில மாதங்களில் அந்தப் புறுபுறுப்பே பெருமையாக மாறியது. சரியாகச் சொல்லத் தெரிந்தவன் உள்ளே, தெரியாதவன் வெளியே. இப்படி ஓர் உச்சரிப்புச் சோதனை வைத்துத் தமக்குள் தரம் பிரித்துக்கொள்வது இந்த ரசிகர்களுடைய பழக்கம். சுவீடனின் ‘கோனிக்செக்’ என்ற பெயரும் அவர்களுக்கு அப்படியொரு வாசற்படி.

இந்த இடத்தில் எமது வீடுகளுக்குள்ளும் ஒருதரம் எட்டிப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் தன் பெயரின் பாதியை ஆசிரியர் விழுங்கிவிட்டுக் கூப்பிடும்போது ‘ஓம்’ என்று கையை உயர்த்திவிட்டு இருக்கிற பிள்ளை, வீட்டுக்கு வந்து தகப்பன் ‘ஹுவாய்ரா’ என்று வாசித்தால் பொறுக்கமாட்டான். “அப்பா, அது வைரா” என்று திருத்துவான். அவனைக் குறை சொல்ல முடியாது. எந்தப் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும், எந்தப் பெயரை எப்படிச் சொன்னாலும் பரவாயில்லை என்பதை அவன் இந்த நாட்டிலேதான் படித்தான். பத்து இலட்சம் யூரோவைத் தொடும் காரின் மேல் எழுதியிருந்தால் கெச்சுவாச் சொல்லையும் உலகம் சிரத்தையோடு உச்சரிக்கிறது. பேருவில் அந்த மொழிக்கு அரசகரும மொழி என்ற தகுதி கிடைத்ததே 1975ல்தான். அதைப் பேசுகிறவர்களுக்குத் தமது பெயரை நகரத்து அலுவலகத்தில் சரியாக எழுதுவித்துக்கொள்வது எவ்வளவு பெரிய பாடு என்பதை எம்மைப் போன்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உச்சரிப்பைக் கற்ற ரசிகர்களில் எத்தனை பேர் அந்தச் சொல்லை இன்றும் வாயில் வைத்திருக்கும் மனிதர்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்கள்? அவர்களுடைய விமர்சனம் நின்றுவிடுகிற இடம் இது.

2022ல் பகானியின் மூன்றாவது கார் வந்தது. பெயர் ‘உட்டோப்பியா’, 99 கார்கள். இந்தத் தடவை உச்சரிப்பில் சிக்கல் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த சொல். அதனாலேயே பலருக்கு அது சப்பென்றிருந்தது. காற்றுகளை விட்டுவிட்டு இதென்ன பாடப்புத்தகச் சொல் என்றார்கள். 1516ல் தோமஸ் மோர் கிரேக்கத்திலிருந்து கட்டிய அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் ‘இல்லாத இடம்’. நாம் மூன்று பெயர்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தோம். முதலில் நாட்டுக் காற்று. பிறகு அதே மலையில் இன்னும் ஆழத்தில், தன் முன்னோர்களுடையது அல்லாத ஒரு தெய்வம். கடைசியில் எங்குமே இல்லாத இடம். நாற்பது வருடம் வெளிநாட்டில் வாழ்ந்த ஒருவனின் தன்வரலாறு மூன்று சொல்லில் இருக்கிறது. பகானி இப்படி நினைத்துத்தான் வைத்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் எமக்கு அப்படித்தான் வாசிக்க முடிகிறது. சப்பென்றிருக்கிறது என்று சொன்ன ரசிகர்களோடு எமக்கு உடன்பாடில்லை.

சுவீடன்காரரான கிறிஸ்ரியன் பொன் கோனிக்செக் 2019ல் தனது காருக்குத் தகப்பனின் பெயரை வைத்தார். ‘ஜெஸ்கோ’, 125 கார்கள். ஜெனீவா மேடையில் அறிவிக்கும்வரை தகப்பனுக்கே தெரியாது. கவர்ச்சியான அந்நிய ஓசைகளையே தேடும் ரசிகர்கள் இந்தச் சாதாரண வீட்டுப் பெயரை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது எமக்கு ஆச்சரியம். 2025ல் அதன் அடுத்த வடிவத்துக்கு, தகப்பன் முன்னொரு காலத்தில் ஓடிய பந்தயக் குதிரையின் பெயர். அதே வருடம் புகாட்டியும் தன் நிறுவனர் எத்தோரே புகாட்டியின் குதிரையான ‘புரூயாரின்’ பெயரில் ஒற்றைக் கார் ஒன்றைச் செய்தது. காளை போய்க் குதிரை வந்திருக்கிறது போலும்.

புகாட்டி என்றதும் இறந்தவர்களின் பட்டியல்தான் நினைவுக்கு வரும். பாஞ்சியோ இறந்ததும் பகானி எந்தப் பெயரைக் கீழே வைத்தாரோ, அந்த வகைப் பெயர்களையே புகாட்டி கையில் எடுத்தது. 2005ல் ‘வெய்ரோன்’: 1939ல் லெ மான் பந்தயத்தை வென்ற இருவரில் ஒருவரான பியேர் வெய்ரோன். 2018ல் ‘திவோ’: 1928லும் 1929லும் தார்கா புளோரியோவை வென்ற அல்பேர் திவோ. இரண்டுக்கும் நடுவில், 2016ல் ‘சிரோன்’. மொனாக்கோவில் பிறந்து, 1931ல் மொனாக்கோ கிராண்ட் பிரீயைப் புகாட்டியில் வென்ற லூயி சிரோன். ஐந்நூறு கார்கள். ரசிகர்கள் இந்தப் பெயரை மரியாதையுடன் வரவேற்றார்கள். வரலாறு உள்ள பெயர் என்றார்கள்.

வரலாறு உள்ள பெயர்தான். அந்த வரலாற்றில் எலே நீஸ் என்ற பெண்ணும் இருக்கிறார். நடனக்காரியாக இருந்து பந்தயக்காரியாக வந்தவர். 1929ல் பாரிஸுக்கு அருகேயுள்ள மோன்லேரி ஓடுபாதையில் புகாட்டி ஓட்டிப் பெண்களுக்கான வேகச் சாதனை படைத்தார். 1936ல் சாவோ பவுலோவில் நடந்த பயங்கர விபத்தில் உயிர் தப்பினார். போர் முடிந்து, 1949ல் மொன்ரே கார்லோ பந்தயத்தையொட்டி நடந்த விருந்தொன்றில் எல்லோர் முன்னிலையிலும் லூயி சிரோன் எழுந்து அவரைக் கெஸ்ராப்போவின் ஆள் என்றார். ஆதாரம் எதுவும் காட்டவில்லை. இற்றைவரை எவரும் காட்டவில்லை. அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. அவரோடு நின்றவர்கள் விலகினார்கள், பந்தயங்களின் கதவு மூடியது. 1984ல் நீஸ் நகரத்தில், பழைய நாடகக் கலைஞர்களுக்கு உதவும் ஒரு தர்ம அமைப்பின் ஆதரவில், வறுமையில் இறந்தார்.

‘துரோகி’, ‘உளவாளி’ என்று ஒரு கூட்டத்தின் நடுவே ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லிவிட்டால் பிறகு என்ன நடக்கும் என்பதை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நாம் எழுதிக் காட்டத் தேவையில்லை. ஆதாரம் கேட்கப்படாத காலம் ஒன்றை நாமெல்லோரும் கடந்து வந்தவர்கள்தான். அதனால்தான் சிரோன் என்ற பெயரை மற்ற ரசிகர்களைப் போல எம்மால் வாயில் உருட்டிச் சுவைக்க முடியவில்லை. 1500 குதிரைவலு, நான்கு டேர்போ, பதினாறு சிலிண்டர் என்று அடுக்கத் தெரிந்தவர்களிடம், யார் இந்தச் சிரோன் என்று கேட்டுப் பார்த்தோம். பந்தய வீரன் என்றார்கள். எந்த வருடம் எங்கே வென்றான் என்பது வரை சொன்னார்கள். 1949ஐ யாரும் சொல்லவில்லை. மிரண்டா சீமூர் 2004ல் எலே நீஸின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டிருக்கிறார். கார் வந்தது அதற்குப் பன்னிரண்டு வருடங்கள் கழித்து.

ஐந்நூறாவது சிரோன் 2024ல் முடிந்தது. எலே நீஸின் சாம்பல் பாரிஸுக்குத் தென்மேற்கே சான்ற் மெம் என்ற சிற்றூரில், குடும்பக் கல்லறையில் இருக்கிறது. அந்தக் கல்லில் குடும்பத்தார் அவருடைய பெயரைப் பொறிக்கவில்லை. 2010ல் வெளியார் சிலர் சேர்ந்து அங்கே ஒரு சிறு பலகை வைத்தார்கள்.