மேற்கோள் யாருடைய கூற்று?

ஆய்வுக் கட்டுரைகளில் சான்று காட்டும் முறை பற்றிய உரையாடல் நம்மிடையே பெரும்பாலும் வடிவத்தோடு நின்றுவிடுகிறது. ஆண்டினை அடைப்புக்குறிக்குள் இடுவதா, அடிக்குறிப்பில் தருவதா, ஆசிரியரின் தலைப்பெழுத்தை முன்னே எழுதுவதா, பின்னே எழுதுவதா என்னும் வினாக்களே எழுகின்றன. இவை தேவையற்றவை அல்ல. ஆயினும், இவற்றினும் அடிப்படையான குறை ஒன்று தமிழிலக்கிய ஆய்வில் நிலவுகிறது. மேற்கோளாகும் கருத்து பாடியவருடையதா, தொகுத்தவருடையதா, உரையாசிரியருடையதா, பதிப்பாசிரியருடையதா என்பது பல கட்டுரைகளில் தெளிவுபடுவதில்லை.

புறநானூற்றுக்குக் கிடைத்துள்ள பழைய உரை முதல் 266 பாடல்களுக்கே உரியது. எஞ்சிய பாடல்களுக்கு மாணவர் பயன்படுத்துவன ஔவை சு. துரைசாமிப் பிள்ளை முதலிய இருபதாம் நூற்றாண்டு அறிஞர்களின் உரைகள். எனவே, 279ஆம் பாடலுக்குரிய விளக்கத்தைப் 'பழைய உரை' என்று குறிப்பது பிழையாகும். அவ்விளக்கத்தையே 'புறநானூறு கூறுகிறது' என்று எழுதுவது அதனினும் பெரிய பிழை.

குறுந்தொகையின் நிலையும் கருதத்தக்கது. பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் அந்நூலுக்கு எழுதிய உரை இன்று கிடைக்கவில்லை. நாம் பெரிதும் சார்ந்திருப்பது உ.வே. சாமிநாதையர் தம் உரையுடன் 1937இல் வெளியிட்ட பதிப்பு. மேலும், 'தோழி கூற்று', 'தலைவி கூற்று' என்னும் குறிப்புகள் பாடலின் பகுதிகள் அல்ல, பின்னர்ச் சேர்க்கப்பட்டவை. அவற்றைக் கணக்கிட்டு, பெண்குரல் பற்றிப் புலவர்கள் கொண்டிருந்த நோக்கினை ஒருவர் நிறுவுவாராயின், அவர் உண்மையில் ஆராய்ந்தது குறிப்பெழுதியோரின் நோக்கையும் சேர்த்தேயாகும். இங்குச் சான்று காட்டுவதில் நேரும் குறை முடிவையே மாற்றிவிடுகிறது.

முச்சங்கங்கள் முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள் நிலவின என்னும் செய்தியும் இத்தகையதே. இது சங்கப் பாடல்களில் இல்லை. இறையனார் களவியல் உரையில் உள்ளது. இதனைச் 'சங்க இலக்கியச் சான்று' என்று காட்டுவோர், பிற்கால உரையொன்றின் கூற்றுக்குப் பாடல்களின் பழைமையை ஏற்றிவிடுகின்றனர். தொல்காப்பியத்தில் சிக்கல் வேறு வகையானது. ஓர் உரையாசிரியர் ஒன்றாகக் கொண்ட நூற்பாவை மற்றொருவர் இரண்டாகப் பகுப்பதுண்டு. ஆதலின், உரையாசிரியர் பெயரின்றி நூற்பா எண் மட்டும் தரப்படின், வாசகர் வேறொரு நூற்பாவைச் சென்றடைய நேரிடும்.

நம் உரையாசிரியர்களே பெயர் சுட்டாது மேற்கோள் காட்டினர். இக்கட்டுப்பாடு மேலைநாட்டு வழக்கு என்று சிலர் வாதிடுவர். இவ்வாதம் பொருந்தாது. மேற்கோளின் முதலடி கேட்டதும் நூலை அறிந்துகொள்ளும் மாணாக்கரை முன்வைத்து எழுதியவர்கள் அவர்கள். நினைவே அன்றைய நூலகமாக இருந்தது. இன்று கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ பயிலும் மாணவர் வெவ்வேறு பதிப்புகளை வைத்துப் படிக்கின்றனர். உரையாசிரியர் பெயரும் பதிப்பு விவரமும் தரப்படாவிடின், அவர் நம் கூற்றைச் சரிபார்க்க இயலாது, நம்பத்தான் இயலும்.

இதனோடு தொடர்புடையது, காணாத நூலைக் கண்டதாகக் காட்டும் வழக்கம். பிறிதொரு நூலிலிருந்து மேற்கோளை எடுத்து, துணைநூற்பட்டியலில் மூலநூலை மட்டும் இடும்போது, இடையில் இருந்தவரின் உழைப்பு மறைகிறது. அவர் செய்த பிழையோ தொடர்கிறது. 'இன்னார் நூல்வழி' என்று எழுதுவது ஆய்வாளருக்கு இழுக்கன்று. அதுபோலவே, மறுபதிப்பின் ஆண்டை மட்டும் தருவதும் தவிர்க்கத்தக்கது. 1937ஆம் ஆண்டின் உரை அண்மைக்காலத்துக் கருத்தாகத் தோன்றினால், ஆய்வு வரலாறே தடுமாறும்.

ஆகவே, மாணவர் கட்டுரைகளை மதிப்பிடும் ஆசிரியர்கள் நிறுத்தற்குறிகளுக்கு முன்னர் மூன்றனை நோக்குதல் நலம்: பாடல் அல்லது நூற்பா எண், பயன்படுத்திய பதிப்பு, பொருள் உரைத்தவர் பெயர். இம்மூன்றும் இருப்பின், வடிவப் பிழைகளைப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். இவை இல்லாத கட்டுரை, வடிவத்தில் எத்துணைச் செம்மையாக இருப்பினும், சான்று காட்டிய கட்டுரை ஆகாது.